அணிலுக்காக நின்றவள்

அணில் படம் எடுப்பது லேசான காரியம் என்று யாராவது சொன்னால், அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அந்தப் பூங்காவில் நிறுத்த வேண்டும். அதுவும் பகல் பூராவும் நின்று நின்று வீங்கிய காலோடு நிறுத்த வேண்டும். அப்போது தெரியும் சங்கதி. அணில் மரத்தில்தான் இருக்கும். நீங்கள் இந்தப் பக்கம் போனால் அது அந்தப் பக்கம் போய்விடும். அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் வந்துவிடும். மரத்தைச் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து நீங்கள் நிற்கும்போது, அது மேல்கிளையில் ஏறி உட்கார்ந்துகொண்டு உங்களையே கீச்சுக் கீச்சென்று ஏசும். போனைத் திறந்து பார்த்தால் மரப்பட்டை இருக்கும், கொஞ்சம் வானம் இருக்கும், உங்கள் கட்டைவிரல்கூட இருக்கும். யோகம் இருந்தால் ஓரத்தில் ஒரு வால் இருக்கும்.

மடிப்பக்காவின் போனில் அப்படிப்பட்ட வால்கள் ஏராளமாகச் சேர்ந்திருந்தன.

மடிப்பக்கா என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. மேலே யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகள் கீழே வந்து, துவைபட்டு, ஈரத்தோடு சூடான இஸ்திரி உருளைக்குள் நுழைந்து, மறுபக்கம் மொறமொறவென்று வெளியே வரும். அதை இந்த முனையில் ஒருத்தியும் அந்த முனையில் ஒருத்தியுமாகப் பிடித்து, விறைப்பாக இழுத்து, முனையோடு முனை சேர்க்க ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வர வேண்டும். பிறகு பின்னால் போக வேண்டும். மறுபடி வர வேண்டும். எங்கும் போய்ச் சேராத நடை. அவள் மடித்தால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும், அதனால் மடிப்பக்கா. அந்தக் கூடத்தில் ஒரே ஒரு பெஞ்சு இருந்தது. அதன்மேலும் தலையணை உறைகளை அடுக்கிவிட்டார்கள்.

பெஞ்சு இருந்தாலும் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம். "உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன்" என்பது அவள் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் பேச்சு. வீட்டிலும் அடுப்படியில் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள், நின்றுகொண்டேதான் டீ குடிப்பாள். அவள் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். "நம்ம கல்யாண போட்டோவைப் பாரு. அதுலகூட நான் உக்காந்திருக்கேன், நீ நிக்கிற" என்பார். சொல்லிச் சலித்துப்போனால் வாயைத் திறக்காமல் சமையலறை ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிடுவார். அதன் ஒரு காலில் ரப்பர் மூடி போய்விட்டதால் தரையில் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், பல் கூசும். அவள் அந்த ஸ்டூலை வாங்கி, அதன்மேல் காய்கறிக் கூடையை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில் கிடந்து எண்ணெயும் கரியுமாக வீடு திரும்புகிறவர். ஒருநாள் காலை அப்படி ஒரு மோட்டார் அறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. வாயாடி மனுஷன், லிஃப்டில் ஒரு மாடி ஏறுவதற்குள் முன்பின் தெரியாத ஆளோடு சம்பந்தியாகிவிடுகிறவர், கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பி எதுவும் செய்ய வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் வேலைக்குப் போக வேண்டுமே, பகலில் யார் பார்ப்பது? அவருடைய தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், தன் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து இறங்கினாள். நல்லவள்தான். வாய்தான் கொஞ்சம் ஓடும். நீங்கள் ஒன்று சொன்னால் அவள் ஒன்றரையாகப் போய்ச் சொல்வாள், அந்த அரை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. அண்ணனை ஆஸ்பத்திரியில் நடக்கும் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவதும் அவள்தான். பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்குப் பேச்சு டீச்சர் என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

ஒருநாள் சலவைக்கூடத்துக்கே போன் வந்தது.

"அண்ணி! அண்ணன் பேசிட்டார்!"

மடிப்பக்காவின் கையில் ஒரு விரிப்பின் முனை இருந்தது. எதிர்முனையைப் பிடித்திருந்தவள், "என்னக்கா, இழுங்க" என்றாள். அவள் இழுக்கவில்லை.

"என்ன பேசினார்?"

"அணில்!"

"என்னது?"

"அணில் அண்ணி, அணில்! ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குக் காட்டுற மாதிரி அட்டை காட்டினாங்க. பேச்சு டீச்சர் 'அ... அ...'ன்னு எடுத்துக் குடுத்தாங்க. அண்ணன் டக்குனு 'அணில்'னுட்டார்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு!"

மடிப்பக்கா கையிலிருந்த விரிப்பிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்த விரிப்பைத் திரும்பவும் துவைக்கப் போட வேண்டியதாயிற்று. அழுது முடித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அவளுடைய பெயருக்கும் முதல் எழுத்து அதேதான். கொஞ்சம் தடம் மாறியிருந்தால் அவள் பெயர் வந்திருக்கும். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் பெயர் வரவில்லை, அணில் வந்திருக்கிறது. ஒரு அணிலைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அதோடு நின்றதா? நிற்கவில்லை. அன்றிலிருந்து அணில்தான். காலையில் கண் விழித்தால் அணில். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் அணில். கோபம் வந்தாலும் அணில், கண்ணில் தண்ணீர் வந்தாலும் அணில்.

"பேச்சு டீச்சர்கிட்ட கேட்டுட்டேன் அண்ணி" என்று நாத்தனார் விளக்கம் கொண்டுவந்தாள். "இப்போதைக்கு அண்ணனுக்கு அணில்தானாம். வேற எதுலயும் மனசு போகாதாம். நாமதான் பொறுமையா பாத்துக்கணுமாம்."

மனசு அணிலில் இருக்கிறது என்றால் அணிலைக் காட்ட வேண்டியதுதானே? ஆனால் அந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும். சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய் இறங்கும். அவ்வளவுதான் காட்சி. நாத்தனார் கடைவீதியில் தேடிப்பிடித்து ஒரு ரப்பர் அணில் வாங்கிவந்தாள். அமுக்கினால் கத்தும். லிஃப்ட்காரர் அதை இடது கையால் வாங்கி ஒரு தடவை பார்த்தார், பிறகு ஒரே வீச்சு. அது நேரே போய் நாத்தனாரின் டீயில் விழுந்தது. "பொம்மை பிடிக்கலையாம், நெஜ அணில்தான் வேணுமாம்" என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னாள்.

இப்படித்தான் மடிப்பக்கா அணில் படம் எடுக்கக் கிளம்பினாள். சலவைக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்தப் பூங்கா இருந்தது. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்து கொண்டிருந்தவள், பூங்காவில் நுழைந்து மரம் மரமாகச் சுற்ற ஆரம்பித்தாள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். தலைக்குமேல் வெள்ளம் போய்க்கொண்டிருக்கிறவளுக்கு வேடிக்கை பார்க்கிறவர்களைப் பற்றி என்ன கவலை?

முதல் நாள் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். நின்றுகொண்டே, குனிந்து, அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க அணில்."

லிஃப்ட்காரர் போனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். பிறகு போனை ஒதுக்கிவிட்டு, "அணில்" என்றார்.

"ஆமாங்க, அணில்தான். வால் தெரியுது பாருங்க."

"அணில்!"

"சரி சரி, நாளைக்கு நல்லா எடுத்துட்டு வர்றேன்."

"அணில்!" என்று கத்தி, தட்டு வைக்கக் கட்டிலோரத்தில் போட்டிருந்த சமையலறை ஸ்டூலை இடது காலால் ஒரு நெட்டு நெட்டினார். அது கிறீச்சிட்டுப் போய் நாத்தனாரின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இடித்தது. அவள் 'அம்மா!' என்று கட்டடமே கேட்கும்படி அலறினாள்.

படம் சரியில்லை, அதுதான் கோபம் என்று மடிப்பக்கா நினைத்துக்கொண்டாள். வாலை மட்டும் காட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? மறுநாள் இன்னும் நேரம் எடுத்துக்கொண்டாள். அன்றைக்குப் படத்தில் முதுகு விழுந்தது. அதற்கு மறுநாள் ஒரு காது விழுந்தது. அவள் நேரம் கழித்து வர வர, படம் நன்றாக வர வர, அவர் கோபமும் கூடிக்கொண்டே போயிற்று. அவள் நுழைந்ததுமே அணில், அணில் என்று ஆரம்பித்துவிடுவார். ஸ்டூல் பறக்கும். கடைசியில் நாத்தனார் அந்த ஸ்டூலைத் தூக்கிச் சமையலறைக்குள் வைத்துவிட்டாள்.

"அண்ணனுக்கு மூர்க்கம் வந்துடுச்சு அண்ணி. எனக்குப் பயமா இருக்கு."

பயத்தோடு அவசரமும் இருந்தது. நாத்தனாருடைய வீட்டுக்காரர் தினமும் போனில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் படிப்பு கெட்டுப்போகிறதாம், வீடு வீடாக இல்லையாம். அவளும்தான் எத்தனை நாள் இருப்பாள்? ஒருநாள் சமையலறையில் வைத்துப் பேச்சை எடுத்தாள்.

"நான் ஒரு இல்லம் போய்ப் பாத்துட்டு வந்தேன் அண்ணி. சுத்தமா வச்சிருக்காங்க. இந்த மாதிரி ஆளுங்களப் பாத்துக்கத்தான் அவங்க இருக்காங்க. வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புறேன்னாங்க."

"நான் வேலைக்குப் போற நேரம் மட்டும்தானே... அவர் பாட்டுக்கு இருக்க மாட்டாரா? பக்கத்து வீட்ல சொல்லி வச்சா..."

"எப்படி அண்ணி? தண்ணி வேணும்னாலும் அணில், பாத்ரூம் போகணும்னாலும் அணில். கூடவே இருக்கிற எனக்கே முழி பிதுங்குது. புத்தி தெளிவா இருந்தா விட்டுட்டுப் போகலாம். நாம பேசுறது அவருக்குப் புரியுதுன்னு ஒரு அடையாளம் காட்டுங்க, நானே வேண்டாம்னு சொல்லிடறேன். கூடப் பிறந்தவதானே நானு, எனக்கு மட்டும் வலிக்காதா?"

மடிப்பக்காவுக்கு ஒரு நினைப்பு வந்தது. அவர் அங்கே போய்விட்டால், வேலை முடிந்து வந்து கதவைத் திறந்து, விளக்கைக்கூடப் போடாமல் அப்படியே அந்தக் கட்டிலில் விழலாம். யாருக்கும் எதுவும் ஊட்ட வேண்டாம், யாரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டாம். அந்த நினைப்பு அவ்வளவு இதமாக இருந்தது. இருந்ததனாலேயே அவளுக்குத் திக்கென்றது. சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஸ்டூலின்மேல் இருந்த காய்கறிக் கூடையை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு அடையாளம் வேண்டும். அவ்வளவுதான். முழு அணிலை, பளிச்சென்று, காதும் மூக்குமாகக் காட்டினால் அவர் வேறு ஏதாவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா? வால் என்று சொல்லட்டும், மரம் என்று சொல்லட்டும், போடி என்றுகூடச் சொல்லட்டும். அவளுடைய புத்தி அந்த ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

வியாழக்கிழமை சாயங்காலம் பூங்காவில் நுழைந்தபோது அவளால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. அன்றைக்கு ஓட்டலில் ஏதோ பெரிய கூட்டம், விரிப்புகள் மலையாய் வந்து குவிந்திருந்தன. மரத்தில் ஒரு அணில் இருந்தது. அவள் இந்தப் பக்கம் போனாள், அது அந்தப் பக்கம் போயிற்று.

"என்னம்மா, தினமும் அதுகூட ஓட்டப்பந்தயமா?"

அங்கே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவளும் பல நாளாகப் பார்த்திருக்கிறாள். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமராவை மடியில் குழந்தையைப் போல் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பார். அவருடைய செருப்பை ஒட்டியே இரண்டு அணில்கள் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தன. மடிப்பக்காவுக்கு எரிச்சலாக வந்தது.

"உங்ககிட்ட மட்டும் எப்படிங்க வருது?"

"நான் உக்காந்திருக்கேன், வருது. நிக்கிற ஆளைப் பாத்தா அதுக்கு ஏதோ பெரிய மிருகம்னு நெனப்பு. உக்காந்துட்டா பெஞ்சோட பெஞ்சுன்னு விட்டுடும். நீங்களும் உக்காருங்க."

"உக்காந்தா எழுந்திருக்க மாட்டேங்க."

"எழுப்பி விடுறேன், உக்காருங்கம்மா."

அவள் பெஞ்சின் மறுகோடியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து, மத்தியானம் மீந்த ரொட்டித் துண்டை எடுத்துப் பையின்மேல் வைத்தாள். போனைக் கையில் தயாராகப் பிடித்தாள். அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம். கண்ணை மூடியது தெரியாது. அடித்துப்போட்டதுபோல் தூங்கிவிட்டாள்.

விழித்தபோது வெயில் போயிருந்தது. ரொட்டித் துண்டையும் காணவில்லை. "அய்யோ!" என்று பதறி எழுந்தாள். "எழுப்பறேன்னு சொன்னீங்களே! அணில் வந்துச்சா? வந்துட்டுப் போயிடுச்சா?"

"வந்துச்சு. எழுப்ப மனசு வரலம்மா" என்று சொல்லி அவர் கேமராவைத் திருப்பிக் காட்டினார்.

முழு அணில். அவள் மடியில் இருந்த பையின்மேல், பின்னங்கால்களில் குந்தி, முன்னங்கைகள் இரண்டிலும் ரொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது, மீசை ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம்போல் இருந்தது. அதற்குப் பின்னால் அவள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, உலகமே இடிந்து விழுந்தாலும் தெரியாத தூக்கம்.

"கர்மம், வாயைப் பாருங்க. ஈ போறது தெரியாம... என்னை வெட்டிட்டு அணிலை மட்டும் தர முடியுமாங்க?"

"உங்கள வெட்டினா பையும் போயிடும். பை போயிட்டா அணில் அந்தரத்துல குந்திட்டு இருக்கும். பரவாயில்லையா?"

அதற்குமேல் மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. அவர் எதையெதையோ அழுத்தி, படத்தை அவள் போனுக்கு அனுப்பிவைத்தார்.

வீட்டில் இரண்டு பைகள் கட்டப்பட்டு வாசலில் இருந்தன. ஒன்று நாத்தனாருடையது. இன்னொன்றின் ஓரத்தில் லிஃப்ட்காரரின் சட்டைக் கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நாத்தனாரின் மூக்கு சிவந்திருந்தது, அழுதிருக்க வேண்டும். "எங்க அண்ணி போயிட்டீங்க? காலையிலயே வண்டி வந்துடும். கடைசி ராத்திரியாவது சீக்கிரம் வரக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். அவளுடைய வீட்டுக்காரர் கூப்பிட்டிருந்தார்.

லிஃப்ட்காரர் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும், "அணில்" என்றார்.

"இருங்க, கொண்டாந்திருக்கேன். முதல்ல சாப்பாடு."

தட்டில் சாப்பாட்டைப் போட்டு எடுத்துவந்தாள். வைக்க இடமில்லை. சமையலறைக்குப் போய் ஸ்டூலை எடுத்துவந்து கட்டில் பக்கத்தில் போட்டு, தட்டை அதன்மேல் வைத்தாள். பிறகு போனை எடுத்து நீட்டினாள்.

"இப்பப் பாருங்க. முழுசா இருக்கு. காது, மூக்கு, மீசை, எல்லாம் இருக்கு. எங்க, இது என்ன சொல்லுங்க?"

எந்த நாளும் இல்லாத விதமாக, அவர் போனை இடது கையால் வாங்கிக்கொண்டார். தொடையின்மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் இடது கட்டைவிரலைத் தூக்கிப் படத்தின்மேல் வைத்தார். சரியாக அணிலின்மேல்.

"அய்ய, விரலை எடுங்க. அணிலை மறைக்குது."

அவள் விரலை எடுத்துவிட்டாள். அவர் திரும்பவும் வைத்தார், அணிலின்மேலேயே. அவள் மறுபடி எடுத்துவிட்டாள். அவர் மறுபடி வைத்தார், இந்தத் தடவை அழுத்தி, எடுக்கவே முடியாதபடி. அணில் போய்விட்டது. படத்தில் மிச்சம் இருந்தது வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஒரு பெண்பிள்ளை.

"அணில்" என்றார்.

கத்தவில்லை. அடம் பிடிக்கிற குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டு இடது காலை நீட்டினார். உதைக்கப் போகிறார் என்று பயந்து அவள் சட்டென்று தட்டைத் தூக்கிக்கொண்டாள். அவர் உதைக்கவில்லை. கால் பெருவிரலால் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். ரப்பர் மூடி இல்லாத கால் தரையில் கிறீச்சென்றது. ஸ்டூல் அவள் முட்டியில் வந்து முட்டி நின்றது.

மடிப்பக்கா தட்டும் கையுமாக நின்றாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். அடுப்படியில் எத்தனை வருஷமாகக் கேட்ட சத்தம். அப்போதெல்லாம் காய்கறிக் கூடையை வைத்தாள்.

மெதுவாக உட்கார்ந்தாள். அவர் பேசாமல் இருந்தார்.

தட்டைக் கட்டிலில் வைப்பதற்காக எழுந்தாள்.

"அணில்!"

உட்கார்ந்தாள். அவர் பேசவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றே அரைவாசி எழுந்தாள்.

"அணில்! அணில்!"

"உக்காருன்னா சொல்றீங்க?" என்று கேட்டாள். "இத்தனை நாளா உக்காரு உக்காருன்னா சொல்லிட்டிருந்தீங்க? நான் பாட்டுக்கு மரம் மரமா நின்னுட்டு... அட பாவி மனுஷா!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போயிற்று. அது சிரிப்புத்தான், பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரிப்பு அப்படித்தான் வரும். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் நடுவிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள், தட்டை மட்டும் கவிழ்க்காமல் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி, உக்காந்துட்டீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நீ சொல்லு. அன்னிக்கு அந்தப் பேச்சு டீச்சர் என்ன சொன்னாங்க? வார்த்தை மாறாம சொல்லு."

"அதான் சொன்னேனே. எதைச் சொல்ல வந்தாலும் இப்போதைக்கு அவர் வாய்க்கு அணில்தான் வரும், வேற வார்த்தை வராது, பொறுமையா இருங்கன்னாங்க."

"வேற எதுலயும் மனசு போகாதுன்னு சொன்னியே?"

"ஆமா, வாய்க்கு வரலேன்னா மனசுல இல்லேன்னுதானே..." என்று ஆரம்பித்த நாத்தனார் பாதியில் நிறுத்தினாள். அண்ணனைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பார்த்தாள். குனிந்து, காலில் இடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டாள். "அப்ப இதை உதைச்சது..."

"உதைக்கல. எனக்குப் போட்டார்."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லிஃப்ட்காரர் அவளைப் பார்த்து, "அணில்" என்றார். கண்ணால் கட்டிலின் மறுகோடியைக் காட்டினார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தாள். அவள் பேசாமல் ஒரு காரியம் செய்து அன்றைக்குத்தான் பார்க்க முடிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "பகல்ல என்ன பண்ணப் போறீங்க அண்ணி?" என்று கேட்டாள்.

"தெரியல."

நிஜமாகவே தெரியவில்லை. விடிந்தால் உருளை சுற்றும், விரிப்புகள் வரும், அவள் போய் நிற்கத்தான் வேண்டும். அவருடைய வலது கை நாளைக்கும் தூக்காது. எதுவும் மாறிவிடவில்லை. ஆனால் அந்தக் கட்டிலில் ஒரு ஆள் இருக்கிறார். இத்தனை நாளும் இருந்திருக்கிறார். அவள் களைத்து வருவதைப் பார்த்துப் பார்த்து, தன்னிடம் மிச்சம் இருந்த ஒரே வார்த்தையைத் தினமும் அவளுக்காகவே செலவழித்திருக்கிறார்.

நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு போனை எடுத்தாள். "ஹலோ, நாளைக்கு வண்டி வேண்டாங்க... இல்லங்க, வர விருப்பமில்லையாம்... அவரேதான் சொன்னார்... ஆமா, பேசுறார்... என்ன சொன்னாரா? அணில்னு சொன்னார்... ஹலோ? நீங்க சிரிக்காதீங்க, எங்களுக்குப் புரியுது." போனை வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள் நான் இருக்கேன். எங்க வீட்டு மனுஷன் கத்தினா கத்திட்டுப் போறார்" என்றாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், அண்ணனின் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.

மடிப்பக்கா கரண்டியில் சாப்பாட்டை எடுத்து அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கரண்டியை இடது கையால் பிடித்து அவள் பக்கம் திருப்பினார்.

"அணில்."

இதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சரிங்க, சரி" என்று அவள் அந்த வாயைத் தானே சாப்பிட்டாள். அடுத்த வாய் அவருக்கு, அதற்கடுத்தது அவளுக்கு. சாப்பாடு ஆறிப்போயிருந்தது. தட்டு காலியாகும்வரை அவள் அந்த ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.